குளிரும் சாப்பாடும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஐஸ் ஆலைகளிலும் மீன் வாடிகளிலும் வீடுகளிலும் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் நேரத்தில்தான் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சந்தேகங்கள் வருகின்றன. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் கேட்கப்படுபவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தாம். ஒவ்வொரு முறையும் பாதி விடையைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியிருப்பதால், கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளை வைத்து, முழு விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

தம்பி, இந்தப் பிரிட்ஜ் குளிரை எங்கிருந்து எடுக்கிறது?

குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை. வெப்பம் மட்டுமே இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான் இயந்திரத்தின் வேலை. பெட்டியின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பார்த்தால் சுடும். நீங்கள் காலையில் உள்ளே வைத்த தண்ணீர்ப் போத்தலின் சூடு அது. கொம்பிரசரின் சூடும் அதோடு சேர்ந்திருக்கும்.

குழாய்களுக்குள் ஓடும் திரவம் அமுக்கம் குறைந்த இடத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பெட்டியின் உட்புறத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. வேர்வை காயும்போது உடம்பு குளிர்வதும் இதே விதியால்தான். பிறகு கொம்பிரசர் அந்த ஆவியை அமுக்கி வெளிப்புறக் குழாய்க்கு அனுப்ப, அது அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, பழைய பத்திரிகைகளை இடுக்கில் செருகி, மேலே துணி விரித்து மூடியிருந்தால், சூடு வெளியேற வழியில்லாமல் கொம்பிரசர் ஓய்வின்றி ஓடும். எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்ததும் தீர்ந்துவிடுபவை.

குளிரில் வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?

சாகாது. வீட்டுப் பெட்டியின் குளிரில் பற்றீரியாக்கள் பெருகும் வேகம் மிகவும் குறைகிறது. உறையவைக்கும் பெட்டியில் அவை பெருகாமல் கிடக்கின்றன. வெளியே எடுத்துச் சூடேறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. லிஸ்டீரியா என்னும் ஒரு வகை குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே மெதுவாகப் பெருகக்கூடியது. கர்ப்பிணிப் பெண்கள் பல நாள் குளிரில் கிடந்த சமைத்த இறைச்சியைச் சூடாக்காமல் உண்ணக்கூடாது என்று சொல்லப்படுவது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்க வேண்டும். குளிர் என்பது நல்ல பொருளை நல்லதாகவே வைத்திருக்கும் முயற்சி. கெடத் தொடங்கிய பொருளை அது நல்லதாக்காது. காலை முழுவதும் வெயிலில் கிடந்த மீனை மாலையில் ஐஸில் போடுகிறவர், போன நேரத்தைத் திரும்பப் பெறுவதில்லை. கீழே வரும் விடைகளில் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

எத்தனை பாகையில் வைக்க வேண்டும்?

குளிர்ப் பகுதி 5 பாகை செல்சியசுக்குக் கீழே, உறைபகுதி மறை 18 பாகையில். திருகிலுள்ள 1, 2, 3 என்ற இலக்கங்கள் பாகைகள் அல்ல. ஒரு வெப்பமானியைத் தண்ணீர்க் கிளாசில் இட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அதுவே உண்மையான கணக்கு.

பிரிட்ஜ் இல்லாத காலத்தில் எங்கள் ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

தண்ணீரை எடுத்துவிட்டார்கள், உப்பைச் சேர்த்தார்கள், அல்லது புளிக்கவைத்தார்கள். பற்றீரியாவுக்குச் சூடு மட்டும் போதாது. ஈரமும் வேண்டும், அமிலம் குறைவாகவும் இருக்க வேண்டும். கருவாட்டில் ஈரம் இல்லை. மாசிக் கருவாட்டில் அவித்தல், புகையூட்டல், உலர்த்தல் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. தயிரில் பாலின் இனிப்பு அமிலமாக மாறிவிடுவதால் மற்றக் கிருமிகளுக்கு அங்கே இடமில்லை. நிலாவெளியில் உப்பளமும் அதே கரையில் கரைவலையும் இருப்பதைப் பார்த்தால், மீனும் உப்பும் ஒன்றையொன்று தேடி எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பது தெரியும்: சில கட்டைத் தூரம் மட்டுமே.

ஆனால் பச்சை மீன் என்பது கரைக்கு நடந்து வரக்கூடியவர்களின் உணவாகவே இருந்தது. கரைக்குத் தொலைவான உள்நாட்டு ஊர்களில் இருந்தவர்களுக்குக் கருவாடுதான். இன்றைக்கு உள்நாட்டு ஊர்ச் சந்தைகளில் கடல்மீன் விற்கிறதென்றால், இடையில் ஐஸ் வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

ஐஸ் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா?

ஒருவகையில் ஆம், அதுவும் முதலில் கப்பலில். பொஸ்டன் நகரத்து வணிகரான பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, 1833 இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம் அந்த ஐஸைச் சேமிப்பதற்காக 1842 இல் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொழும்பில் 1866 இல் கொழும்பு ஐஸ் கம்பனி தொடங்கியது.

இயந்திரத்தால் குளிரை உண்டாக்கும் முறைக்கு ஜேக்கப் பேர்க்கின்ஸ் 1834 இல் இலண்டனில் காப்புரிமை பெற்றார். அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் 1850களில் அதைத் தொழிலாக்கினார். எனினும் உணவு வணிகத்தைத் தலைகீழாக மாற்றியது 1882 ஆம் ஆண்டின் ஒரு கப்பற் பயணம் என்பேன். டனீடன் என்னும் பாய்க்கப்பல், நீராவியால் இயங்கும் குளிரூட்டியோடு, ஏறத்தாழ 5,000 உறைந்த ஆட்டுடல்களை ஏற்றிக்கொண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி நியூசிலாந்திலிருந்து புறப்பட்டு மே மாத இறுதியில் இலண்டனை அடைந்தது. இடையில் வெப்பவலயத்தைக் கடந்தும் இறைச்சி நல்ல நிலையிலேயே இறங்கியது. அதுவரை கம்பளியையும் கொழுப்பையும் விற்றுவந்த ஒரு நாடு, அதன் பிறகு பூமியின் மறுபக்கத்துக்கு இறைச்சியும் வெண்ணெயும் அனுப்பும் நாடாயிற்று. எந்த நிலத்தில் எதை வளர்ப்பது என்பதை, தின்பவர்களின் ஊர் எவ்வளவு தூரம் என்ற கேள்வி தீர்மானித்த காலம் அத்தோடு முடிந்தது.

ஐஸ் ஆலையில் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதே, அது ஐஸில் கலந்துவிடாதா?

அது அமோனியா, ஐஸோடு அது சேர்வதே இல்லை. கட்டி ஐஸ் செய்யும் ஆலையில் தரைக்குக் கீழே ஒரு பெரிய தொட்டி இருக்கும். அதில் நிறைந்திருப்பது கடுமையான உப்புக் கரைசல்; உப்பு கரைந்திருப்பதால் பூச்சியத்துக்குப் பல பாகை கீழேயும் அது உறையாது. அமோனியாக் குழாய்கள் அந்த உப்புத் தண்ணீரைக் குளிர்விக்கின்றன. நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கூடுகள் அதற்குள் வரிசையாகத் தொங்குகின்றன. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறைந்துகொண்டு போகும். முழுக் கட்டியாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். கட்டியின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும் அல்லவா? தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் உப்பும் கடைசியாக ஒதுங்கி உறைந்த இடம் அது.

அமோனியா சாதாரண அமுக்கத்தில் மறை 33 பாகையில் கொதிக்கிறது, ஆவியாகும்போது வெப்பத்தை வாரி எடுக்கிறது, விலையும் குறைவு. ஆகவே நூறாண்டு கடந்தும் பெரிய ஆலைகள் அதை விடவில்லை. நச்சுத்தன்மை உடையதுதான், ஆனால் மிகச் சிறிய கசிவையும் மூக்கு கண்டுபிடித்துவிடும். மணமே இல்லாத வளிகளோடு வேலை செய்திருப்பவன் என்ற முறையில், அதை ஒரு நற்குணமாகவே எண்ணுகிறேன். நெடி வந்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே நடந்து வெளியேறுங்கள். நின்று பார்க்க வேண்டாம்.

ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு ஐஸ் போட வேண்டும்? முதலாளி சொல்கிறதும் வாடிக்காரர் சொல்கிறதும் வேறு வேறு.

நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். இது வீண் செலவு என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கையே காட்டிவிடுகிறேன். 30 பாகையிலிருக்கும் ஒரு கிலோ மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 108 கிலோயூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே மீனைக் குளிர்விப்பதற்கு மட்டும் என்றால் மூன்றிலொரு பங்கு ஐஸ் போதும். முதலாளி சொல்லும் கணக்கு இதுதான், அது பிழையும் அல்ல.

மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கே போகிறது? பெட்டியின் சுவர் வழியே உள்ளே நுழையும் வெப்பத்தோடு மல்லுக்கட்டப் போகிறது. வெயிலில் நிற்கும் பைபர் படகில், மூடி சரியாகப் பொருந்தாத மரப்பெட்டியில், ஒரு கிலோவும் போதாமற்போகலாம். தடித்த ரெஜிபோம் பெட்டியில், நிழலில், அரைக் கிலோவே போதலாம். கொட்பேயில் ஒரு படகுக்காரர் பெட்டியின் மேல் நனைத்த சாக்கை விரித்து, அதன் மேல் ஓலைக் கிடுகைப் போட்டுவைப்பார். மற்றவர்களைவிட அவருக்கு ஐஸ் குறைவாகவே செலவாகும்.

போடும் முறையும் முக்கியம். கட்டியை நொறுக்கி, அடியில் ஒரு படை, மீன்களுக்கு இடையில் ஒரு படை, மேலே ஒரு படை என்று இட வேண்டும். பெரிய துண்டுகள் மீனைத் தொடுவது இரண்டொரு இடத்தில்தான்; கூரான முனைகள் தோலையும் கிழிக்கும். உருகிய நீர் வடிவதற்கு அடியில் துளையும் வேண்டும். அந்த நீர் மேலிருந்து கீழே இறங்கும்போது மீனைக் குளிர்வித்து, குருதியையும் கிருமியையும் கழுவிக்கொண்டு போகிறது. துளை அடைபட்டால் அடியிலுள்ள மீன் அந்த அழுக்கிலேயே ஊறிக் கிடக்கும்.

ஐஸில் வைத்த மீனும் பிரிட்ஜில் வைத்த மீனும் ஒன்றுதானே? இரண்டும் குளிர்தான்.

ஒன்றல்ல. மீன் கெடும் வேகத்துக்கு எளிய ஒரு சூத்திரம் உண்டு: பாகையைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். பூச்சியத்தில் விடை 1. ஐந்து பாகையில் 2.25. பத்துப் பாகையில் 4. அதாவது ஐஸில் ஒரு நாளில் நடக்கும் கேடு, சரியாக இயங்கும் வீட்டுப் பெட்டியில் அரை நாளுக்குள் நடந்துவிடும். கதவு இறுக்கமாக மூடாத பெட்டியில் கால் நாளே போதும்.

மீன் வாழும் தண்ணீர் கோழியின், மாட்டின் உடற்சூட்டைவிடக் குளிர்ந்தது; அதன் மேலிருக்கும் பற்றீரியாக்களில் சில குளிரிலும் பெருகக்கூடியவை. கோழிக்கும் மாட்டுக்கும் போதுமான 5 பாகை மீனுக்குப் போதாமலிருப்பது இதனாலே. வீட்டில் அன்றே சமைக்காத மீனைக் கழுவி, ஒரு தட்டில் நொறுக்கிய ஐஸின் மேல் வைத்து, அந்தத் தட்டோடு பெட்டிக்குள் வையுங்கள். இல்லையேல் உடனே உறையவைத்துவிடுங்கள்.

பலநாட் படகு மீன் கிழமைக்கணக்கில் கடலில் கிடந்தது என்கிறார்கள். அதைப் புதிய மீன் என்று விற்கலாமா?

நாளை மட்டும் எண்ணினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. மேலே சொன்ன சூத்திரத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். பிடித்த உடனேயே குடல் நீக்கி ஐஸில் புதைத்த மீன் எட்டு நாள் கழித்து அடையும் நிலையை, பத்துப் பாகையில் கிடந்த மீன் இரண்டே நாளில் அடைந்துவிடும். கரைவலையில் காலையில் அகப்பட்டு, நண்பகல் வரை மணலில் கிடந்த சூடை மீன், பலநாட் படகில் கடைசி மூன்று நாளில் பிடித்து ஐஸிட்ட பாரையைவிட மோசமாக இருப்பது உண்டு.

எனினும் படகின் முதல் நாள் மீனும் கடைசி நாள் மீனும் ஒரே விலைக்குப் போவதில்லை, போகவும் கூடாது. அடித்தட்டில் கிடப்பது பழையது, மேலே இருப்பது புதியது. கரையில் மொத்தமாக வாங்குபவர்கள் இதை அறிவார்கள். அறியாதவர் நாம் மட்டுமே.

சூரை மீன் மணக்கவே இல்லை, நன்றாகக் கொதிக்கவைத்தும் சமைத்தோம். பிறகும் முகம் சிவந்து உடம்பெல்லாம் கடித்தது. எப்படி?

இது ஹிஸ்டமீன் நஞ்சாதல். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதன் விடையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சூரை, கும்பளா போன்ற செந்தசை மீன்களில் ஹிஸ்டிடின் என்னும் ஒரு பொருள் இயல்பாகவே நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் சில பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமீனாக மாற்றுகின்றன. சமைக்கும்போது பற்றீரியா செத்துவிடும். அது உண்டாக்கி வைத்த ஹிஸ்டமீன் வெப்பத்தால் அழியாது. உறையவைத்தாலும் அழியாது, ரின்னில் அடைத்தாலும் அழியாது. கெட்ட மணம் வருவதற்கு முன்பே அது தோன்றிவிடலாம் என்பதால் மூக்கும் உதவாது.

சூரையினங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான மீன்களைப்போலன்றி அவற்றின் உடல் கடல்நீரைவிடச் சூடானது. தூண்டிலில் போராடும்போது அந்தச் சூடு இன்னும் ஏறுகிறது. தடித்த உடலின் நடுப்பகுதி குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே குடலையும் செவுளையும் உடனே அகற்றி, வயிற்றுக்குள்ளும் ஐஸைத் திணிக்க வேண்டும். சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டதுபோல் எரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். முகம் சிவத்தல், தலையிடி, நெஞ்சு படபடப்பு, சொறி ஆகியவை சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதனை மீன் ஒவ்வாமை என்று எண்ணி வாழ்நாள் முழுவதும் மீனைத் தவிர்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிற் பலருக்கு ஒவ்வாதது மீனாக இருந்திராது, ஐஸ் போடாத சில மணி நேரமாகவே இருந்திருக்கும்.

எங்கள் கடல் மீன் கொழும்புக்குப் போகிறது, நாங்கள் ரின் மீன் வாங்குகிறோம். இது என்ன நியாயம்?

ஐஸும் கூலர் வாகனமும் வந்தபின் மீனுக்கு ஊர் இல்லாமற்போய்விட்டது என்பதுதான் காரணம். முன்பு கரையில் இறங்கிய மீனை மாலைக்குள் விற்றாக வேண்டும், மிஞ்சியது கருவாடாகும். வாங்குபவரின் கை ஓங்கியிருந்தது. இப்போது நல்ல அறக்குளாவும் இறாலும் நண்டும் இரவே புறப்பட்டு, விடியும்போது 260 கிலோமீற்றர் தள்ளி நிற்க முடிகிறது. அங்கே கிடைக்கும் விலையே இங்கும் விலையாகிவிட்டது.

இதில் இழந்தவர் நுகர்வோர் என்றால், பெற்றவர் யார் என்றும் கேட்க வேண்டும். படகுக்காரருக்கு விலை கூடியது உண்மை. ஆனால் ஐஸும் வாகனமும் எவர் கையில் இருக்கின்றனவோ அவருக்கே பெரும்பங்கு சேர்ந்தது. சொந்தமாக ஐஸ் பெட்டி இல்லாதவர் வள்ளம் கரை தட்டியதும் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. பெட்டி உள்ளவர் அரை நாள் பொறுத்து விற்கிறார். அந்த அரை நாள்தான் பேரம். கார்த்திகை முதல் தை வரை வாடைக் காற்றில் கடல் கொந்தளித்துச் சிறு படகுகள் கரையேறியிருக்கும்போது, மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்த மீனை நாமும் வாங்கித் தின்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது.

மரக்கறியையும் கூலரில் கொண்டுவரலாமே? தம்புள்ளையிலிருந்து வரும்போதே வாடிவிடுகிறது.

கொண்டுவரலாம், கட்டுப்படியாகாது என்று வியாபாரி சொல்வார். நுவரெலியாவின் குளிரில் பிடுங்கிய லீக்ஸும் கரட்டும் கோவாவும் சாக்கில் இறுக்கப்பட்டு, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் கைமாறி, திறந்த லொறியில் நம் சந்தைக்கு இறங்குகின்றன. மரக்கறி பறித்த பிறகும் மூச்சுவிடுகிறது. அந்த மூச்சே சூட்டை உண்டாக்குகிறது. சாக்குகளை அடுக்கிய லொறியின் நடுவில் கையை நுழைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அப்படிச் சூடேறிய மரக்கறியைக் கடைசியில் குளிரில் வைப்பதால் பயன் குறைவு; பறித்த இடத்திலேயே சூட்டைத் தணிக்க வேண்டும். அதற்கு முன் செய்யக்கூடிய மலிவான வேலை, சாக்கை விட்டுக் கூடைகளுக்கு மாறுவதுதான்.

நியூசிலாந்து அப்பிள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறதே, மருந்து அடிக்கிறார்களா?

பளபளப்புக்குக் காரணம் மெழுகு. அப்பிளின் இயற்கையான மெழுகு கழுவும்போது போய்விடுவதால், உண்ணத்தக்க மெழுகை மெல்லியதாகப் பூசுகிறார்கள். நீண்ட ஆயுளுக்குக் காரணம் வேறு. அறையைப் பூச்சியத்துக்கு அருகில் குளிர்வித்து, காற்றிலுள்ள ஒட்சிசனை 21 வீதத்திலிருந்து இரண்டு மூன்று வீதமாகக் குறைத்துவிடுகிறார்கள். முந்திய விடையில் சொன்ன மூச்சு அங்கே ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. இப்படிப் பல மாதங்கள் வைத்து, பிறகு குளிரூட்டிய கொள்கலனில் ஏற்றினால், மரத்திலிருந்து இறங்கி அரையாண்டு கடந்த பழம் புதுப்பழம்போல் கடைக்கு வரும்.

தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் இவ்வளவு மாடு இருக்கும்போது, தேநீருக்கு ஏன் பால்மா?

பால் கறக்கும்போது மாட்டின் உடற்சூட்டில் இருக்கிறது. பற்றீரியா பெருகுவதற்கு அதைவிட வாய்ப்பான சூடு இல்லை. சில மணி நேரத்துக்குள் அதை 4 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். மேய்ச்சல் தரை ஓரிடம், குளிரூட்டும் தாங்கி இன்னோரிடம், இடையில் மண்பாதை என்றால் பால் தோற்றுவிடும். ஆகவே பட்டியடியிலேயே அது தயிராகிறது. சாலையோரத்தில் தொங்கும் தயிர்ச்சட்டிகளைச் சுவையின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு அவை குளிர்த்தாங்கி இல்லாத ஊரின் அறிவாகவும் தெரிகின்றன.

பால்மாவும் அதே நோய்க்கு வேறொரு மருந்துதான். ஏறத்தாழ எட்டு லீற்றர் பாலிலிருந்து தண்ணீரை நீக்கி ஒரு கிலோ மாவாக்கினால், அது குளிரே இல்லாமல் கடல் தாண்டும், பெட்டிக்கடையின் தட்டில் மாதக்கணக்கில் இருக்கும். கருவாடும் பால்மாவும் ஒரே குடும்பம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் இரண்டிலும் எடுக்கப்பட்டது தண்ணீர்.

வாழைப்பழம், பாண், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பிரிட்ஜில் வைக்கலாமா?

மூன்றையும் வெளியே வையுங்கள். வாழைப்பழம் 13 பாகைக்குக் கீழே காயப்பட்டுக் கறுக்கும். பாண் குளிரில் இன்னும் விரைவாக விறைக்கும். உருளைக்கிழங்கின் மாச்சத்து குளிரில் சீனியாக மாறி, பொரிக்கும்போது கருகும். சோறு மட்டும் எதிர்மாறு: சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைக்க வேண்டும், ஏனெனில் சோற்றில் தங்கும் ஒரு வகைப் பற்றீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல், வெளியே கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

கதவைத் திறக்காவிட்டால் குளிர்ப் பகுதி நான்கு மணி நேரம். உறைபகுதி நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். நம் பகல் வெயிலில் இவற்றை மேலெல்லையாகக் கொள்ளுங்கள். உறைபகுதியில் காலியிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்புங்கள். ஐஸ் பற்றிய கணக்கில் சொன்ன அந்த 334 கிலோயூல் இங்கேயும் உழைக்கும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, சிறு கடைகளின் பிறீசர்கள் பகலில் உருகி இரவில் உறைந்தன. வெளியே பார்த்தால் பொருள் கல்லைப்போல் இருக்கும். அக்காலத்தில் ஒரு கடைக்காரருக்கு நான் சொன்ன உபாயம் இது: ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். மறுநாள் நாணயம் கிண்ணத்தின் அடியில் உறைந்திருந்தால் இடையில் எல்லாம் உருகியிருக்கிறது. அவர் மூன்றாம் நாள் நாணயத்தை அடியில் கண்டு, கோழி முழுவதையும் புதைத்துவிட்டார்.

உருகிய மீனை மறுபடியும் பிறீசரில் வைத்தால் நஞ்சாகிவிடுமா?

எங்கே உருகியது என்பதைப் பொறுத்தது. குளிர்ப் பகுதிக்குள்ளேயே மெதுவாக உருகி, இன்னும் குளிராக இருந்தால், மறுபடியும் உறையவைக்கலாம். ஆபத்தில்லை, சுவை குறையும். மெதுவாக உறையும்போது தசைக்குள் பெரிய பனித்துகள்கள் தோன்றிக் கலங்களைக் கிழிக்கின்றன. ஒவ்வொரு முறையும் உருகும்போது வடியும் நீர் அந்தக் கிழிசல்களிலிருந்து வருவதே. சமையலறை மேசையில் உருகி வெளிச்சூட்டை அடைந்திருந்தால் உடனே சமைத்துவிட வேண்டும். சூரையினமாக இருந்தால் அதையும் செய்ய வேண்டாம். காரணம் மேலே இருக்கிறது.

கேஸ் முடிந்துவிட்டது, வருடா வருடம் அடிக்க வேண்டும் என்கிறார்களே?

என் தொழிற்காரர்களுக்கு இந்த விடை பிடிக்காது. முதல் விடையில் சொன்ன, குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் ஓடும் பொருள்தான் கேஸ். அது தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது.

கசிந்த கேஸ் எங்கே போகிறது என்பதும் முக்கியம். பழைய பெட்டிகளிலிருந்த குளோரோபுளோரோகாபன்கள் ஓசோன் படையை அரித்ததால், 1987 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை அவற்றைத் தடைசெய்யத் தொடங்கியது. பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு புவியைச் சூடாக்கும். அந்த உடன்படிக்கைக்கு 2016 இல் வந்த கிகாலித் திருத்தம் அத்தகையவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் இருக்கிறது. அது தீப்பற்றக்கூடியது, அளவு சிறிது என்பதால் வீட்டுக்கு ஆபத்து குறைவு, குழாயை ஒட்டவைக்கும் எங்களுக்கே கவனம் வேண்டும்.

அப்படியானால் குளிர்சாதனமே உலகத்தைச் சூடாக்குகிறது, அதைக் குறைப்பதுதானே சரி?

ஒரு பக்கக் கணக்கு அது. விளைந்த இடத்திலிருந்து கடை வரை உணவைக் குளிராகவே கொண்டுபோகும் குளிர்ச் சங்கிலியின் இயந்திரங்களும், குளிரில்லாமல் வீணாகும் உணவும் சேர்ந்து, உலகப் பசுமைக்குடில் வளிகளில் ஏறத்தாழ 4 வீதத்துக்குக் காரணம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2022 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதே அறிக்கையின்படி, போதிய குளிரூட்டல் இல்லாததால் 2017 இல் மட்டும் 52.6 கோடி தொன் உணவு, அதாவது உலக விளைச்சலில் 12 வீதம், அழிந்தது. அந்த உணவை விளைவிக்கச் செலவான தண்ணீரும் உரமும் எரிபொருளும் அதோடு சேர்ந்தே அழிந்தன. செல்வந்த நாடுகளில் நிறைந்து வழிந்து குப்பைக்குப் போகும் பெட்டிகளைக் குறைக்கச் சொல்லலாம். கிண்ணியாவில் பால் குளிர்த்தாங்கி ஒன்றைக் கூட்டுவதை அதே வாயால் தடுக்க முடியாது.

கடைசியாக, சந்தையில் நிற்கும்போது மீன் ஐஸில் இருந்துதான் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே தெளித்திருக்கும் ஐஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது காலையில் தூவியதாக இருக்கலாம். மீனைத் தூக்கச் சொல்லி அடியில் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். செவுளைத் திறந்தால் சிவப்பாக இருக்க வேண்டும், மண்ணிறமாகவோ சளி படிந்தோ இருக்கக்கூடாது. கண் உப்பியும் தெளிந்தும் இருக்க வேண்டும். ஐஸோடு ஒட்டிக் கிடந்த மீனின் கண் சற்று மங்கியிருப்பதுண்டு. அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். விரலால் அழுத்தினால் குழி நிற்கக்கூடாது. பெரிய மீனை வெட்டும்போது முள்ளை ஒட்டிய தசையில் புறங்கையை வைத்துப் பாருங்கள்: தோல் குளிர்ந்து நடு வெதுவெதுப்பாக இருந்தால் அந்த மீன் ஐஸுக்குப் பிந்தி வந்தது. சூரையாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

மரக்கறியையும் தேங்காயையும் முதலில் வாங்கிவிட்டு மீனைக் கடைசியாக வாங்குங்கள். மீன்காரரிடம் ஒரு பிடி ஐஸைக் கேட்டுப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரை எவரும் இல்லையென்று சொன்னதில்லை.